நடுவில் வரும் பந்து

சிங்கப்பூரில் எனக்கு முதல் சண்டை ஒரு டிஷ்யூ பாக்கெட்டோடு நடந்தது. புதன்கிழமை காலை, தேக்கா சாப்பாட்டுக் கடைகள். ஒரு கையில் பரோட்டா தட்டு, மறு கையில் தே தாரிக் என்கிற நுரை டீ, தோளில் டென்னிஸ் மட்டைகள் வைத்த நீளப் பை. கூட்டத்தில் ஒரே ஒரு மேசை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். மேசை நடுவில் யாரோ மறந்துவிட்டுப் போன டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று ஒன்றை உருவிக் கையைத் துடைத்துக்கொண்டேன். இரண்டே நிமிடத்தில் இட்லித் தட்டோடு ஒரு அம்மாள் வந்து நின்றார்.

"இது என் டேபிள் லா. டிஷ்யூ வச்சிட்டுப் போனேனே, பாக்கலையா?"

"டிஷ்யூ வச்சா டேபிள் உங்களுதாயிடுமாங்க?" என்றேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

அவர் சிரித்துவிட்டார். "ஊருக்குப் புதுசா? பரவால்ல, உக்காருங்க. நாலு சீட்டு இருக்குல்ல."

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கோயம்புத்தூரிலிருந்து வந்தவள் நான். எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். அசடு வழிந்துகொண்டே பரோட்டாவைப் பிய்த்தேன். நம் ஊர்ப் பரோட்டாவைப் போல அடுக்கடுக்காக உதிராமல், மெல்லிசாக மொறுமொறுவென்று இருந்தது. தொட்டுக்கொள்ளக் கொடுத்த குழம்புதான் எங்கள் ஊர் சால்னாவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இதை அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சண்டை போதும்.

"பையில என்ன, கிட்டாரா?" என்று கேட்டார்.

"டென்னிஸ் மட்டைங்க."

"கோச்சா நீங்க?"

"ஆடினவ. டபுள்ஸ் மட்டும்."

"ஓ..." என்று இழுத்தார். "ஏன், சிங்கிள்ஸ் வராதா?"

பதினொரு வருஷம் ஊர் ஊராக ஆடி, கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, ஐம்பத்திரண்டு வயதும் ஆகிவிட்டது. இந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. பெண் பார்க்க வந்தபோது என் மாமியார் கேட்டார். வங்கி மேனேஜர் கேட்டார். நேற்று விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர்கூடக் கேட்டார். சிங்கிள்ஸ் வராது என்பதுதான் உண்மை. தனியாக நின்றால் எனக்குக் களம் மைதானம் மாதிரித் தெரியும், கால் ஓடாது. பக்கத்தில் ஒருத்தி நின்றால் புலி ஆகிவிடுவேன். இதை எப்படி விளக்குவது? "வராதுங்க" என்று சொல்லி டீயைக் குடித்தேன்.

இரட்டையர் ஆட்டத்தில் பக்கம் என்று ஒன்று உண்டு. எதிராளி போடும் சர்வை ஒருத்தி வலப் பக்கத்திலும் மற்றவள் இடப் பக்கத்திலும் நின்று வாங்குவாள். ஒரு முறை பக்கம் எடுத்தால் எடுத்ததுதான், பெரும்பாலும் ஆயுசுக்கும் மாறாது. ஆட்டம் இழுபறியாகும்போது முடிவு செய்கிற பந்துகள் பலவும் இடப் பக்கத்துக்கே வரும். இருவருக்கும் வலது கைப் பழக்கம் என்றால், நடுவில் வரும் பந்து இடப் பக்கம் நிற்பவளுக்குத்தான் கைக்கு வாகு. அதனால் அது அவளுடையது. நான் இடப்பக்கக்காரி. நடுவில் பந்து வந்தால் "என்னுது!" என்று கத்திக்கொண்டு பாய்வேன். தமிழ் தெரியாத எதிராளிகள் அதை ஏதோ சாமி பேர் என்று நினைத்தார்களாம்.

இந்த வியாதி களத்தோடு நிற்கவில்லை. தெருவில் நடந்தாலும் பந்தியில் உட்கார்ந்தாலும் கூட வருபவருக்கு இடப் பக்கம்தான் இருப்பேன். கல்யாணமான புதிதில் என் கணவர் இதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு கிளப்பில் ஐம்பது தாண்டிய பெண்களுக்கு ஓர் இரட்டையர் போட்டி. முழங்கால் டாக்டர் எனக்கு நாள் குறித்துவிட்டார். அடுத்த மாதம் ஆபரேஷன், அதன் பிறகு போட்டி என்ற பேச்சே கிடையாது. ஆகவே இதுதான் கடைசி. என்னோடு ஆட இருந்த கோவைத் தோழி, கிளம்ப நாலு நாள் இருக்கும்போது மாடிப்படியில் கால் பிசகிக் கட்டுப் போட்டுக்கொண்டாள். "தனியாப் போய் என்ன பண்ணுவ?" என்றார் கணவர். சிங்கப்பூரில் விமலா இருக்கிறாள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. கிளம்பி வந்துவிட்டேன்.

விமலா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். என் முதல் ஜோடி. நாலு வருஷம் ஒன்றாக ஆடினோம். புனேயில் முதல் ஆட்டம். களத்துக்குள் நுழைந்ததுமே இடப் பக்க வேலியில் என் துண்டைப் போட்டேன். "நான் லெஃப்ட்" என்றேன். "ஓகே லா" என்றாள். பேச்சு அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் ஜோடி ஓடியது.

பிரிந்தது கோலாலம்பூரில். அந்தக் காலத்தில் இரட்டையர் போட்டிக்கு நேரில் போய்ப் பேர் எழுத வேண்டும். மேசையில் ஒரு தாள் இருக்கும், பகல் பன்னிரண்டுக்கு எடுத்துவிடுவார்கள். விமலா சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். எல்லையில் ஜொகூர் பாலத்தில் நெரிசல். கைப்பேசி எங்கள் இருவரிடமும் இல்லை. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோது, அங்கே ஜோடி இல்லாமல் நின்ற ஒரு தைவான் பெண்ணின் பேரோடு என் பேரைச் சேர்த்து எழுதினேன். பன்னிரண்டு பத்துக்கு விமலா ஓடி வந்தாள். தாளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டாள். அதன் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. சில வருஷங்களாக தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் விளக்குப் படம் அனுப்பிக்கொள்கிறோம்.

"அவ லேட்டா வந்தா, நான் என்ன பண்றது?" என்று இருபத்தாறு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். உங்களிடமும் அப்படியே சொல்லியாகிவிட்டது.

வந்திறங்கிச் செய்தி அனுப்பியதும், வியாழக்கிழமை தோ பாயோவில் தன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். சிராங்கூன் ரோட்டில் பூக்கடை வாசலில் இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். குளுகுளுவென்று ஏசி, ஜன்னலோர சீட்டு, சண்டைக்கு ஒரு கண்டக்டர்கூட இல்லை. அவளைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்ததில் நிறுத்தத்தைக் கோட்டை விட்டேன். பக்கத்தில் அலுவலக அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தோ பாயோ எப்போது வரும் என்று அவளிடம் கேட்டேன்.

"ஆன்ட்டி, தோ பாயோ எப்பவோ போயிடுச்சு லா. இது ஆங் மோ கியோ. நெக்ஸ்ட் ஸ்டாப்ல இறங்கி ஆப்போசிட் சைடு போங்க."

எங்கள் ஊர் கண்டக்டராக இருந்திருந்தால் "தூங்கறதுக்குத்தான் பஸ் ஏறினியாம்மா?" என்று நாலு பேர் கேட்கக் கத்தி, விசில் ஊதி, நடுரோட்டிலேயே இறக்கிவிட்டிருப்பார். அந்தக் கத்தலுக்கு மனசு கொஞ்சம் ஏங்கியது. இறங்கும்போது டிக்கெட் கார்டை மெஷினில் தட்ட மறந்து, திரும்ப ஓடி, மூடுகிற கதவில் மல்லிகைப் பை மாட்டி, ஒரு முழம் பஸ்ஸோடு போயிற்று.

நிறுத்தத்தில் விமலா நின்றிருந்தாள். பருத்திருந்தாள், முடி பாதி நரைத்திருந்தது. நிற்கிற விதம் மட்டும் மாறவில்லை. சர்வ் வாங்கப் போகிறவள் மாதிரி முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு நின்றாள்.

"ஒன் அவர் லேட்டு வசு," என்றாள். அதுதான் முதல் வார்த்தை.

எனக்குச் சுருக்கென்றது. அவளோ சிரித்துக்கொண்டே கட்டிப்பிடித்தாள். வீட்டுக்கு நடந்தோம். எப்போது எப்படி என்று தெரியவில்லை, நான் அவளுக்கு இடப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தேன்.

பதினோராவது மாடி. நடைபாதையில் கறிவேப்பிலைத் தொட்டிகள். விமலா பாலிகிளினிக்கில் மூத்த தாதி. கணவர் சேகர் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர், தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். "வாங்க வாங்க, உங்களப் பத்தி அவ நிறையச் சொல்லியிருக்கா," என்றார். என்ன சொல்லியிருப்பாள் என்று அவர் முகத்தைத் துருவிப் பார்த்தேன்.

சம்பால் போட்டு வதக்கிய மீன், ரசம், பொன்னாங்கண்ணிப் பொரியல். சம்பாலில் மிளகாயோடு கொஞ்சம் இனிப்பும் தெரிந்தது. முதல் வாயில் முகம் சுளித்தேன், மூன்றாவது வாயில் மறுபடி கேட்டு வாங்கினேன். சாப்பிட்டுக்கொண்டே பழைய கதைகளை எடுத்தோம். ஒரே அறை, ஒரே சோப்பு, வாளித் தண்ணீரில் கம்பிச் சுருளைப் போட்டு முட்டை அவித்தது, அதில் லாட்ஜ் முழுக்க ஃபியூஸ் போய் மேனேஜர் மெழுகுவத்தியோடு வந்தது.

"உன் ஸ்கர்ட் பறந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்றாள் விமலா.

"இருக்காதா பின்னே!" சீலிங் ஃபேனில் ஈரப் பாவாடையைக் கட்டிக் காய வைத்தோம். ஃபேன் வேகம் எடுத்ததும் அது ஜன்னல் வழியே பறந்து கீழே கல்யாண ஊர்வலத்தின் பேண்டு மாஸ்டர் தலையில் போய் விழுந்தது. கீழே போய்க் கேட்டு வாங்கி வந்தவள் அவள்தான். நான் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். சொல்லிச் சொல்லி சிரித்ததில் புரையேறியது. சேகர் எழுந்து தண்ணீர் கொண்டு வந்தார்.

அந்த நாலு வருஷத்தைப் போல நான் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிறகு நல்ல நல்ல ஹோட்டல்களில் தங்கினேன். பெரிய போட்டி ஒன்றில் மூன்றாவது சுற்றுவரை போனேன், பேப்பரில் கடைசி வரியில் என் பேர் தப்பாக அச்சாகி வந்தது. ஏழெட்டு ஜோடிகள் மாறினார்கள். அவர்களில் யாருக்கும் என் துணிக்காக மாடி இறங்க நேரமில்லை, எனக்கும்தான்.

கோலாலம்பூரைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை. போட்டியைப் பற்றியும் நான் கேட்கவில்லை. கேட்கத்தான் வந்திருக்கிறேன், ஆனால் வாய் வந்தால்தானே?

"ஈவினிங் கேம் இருக்கு. க்ளினிக் ஆளுங்களோட. வந்து பாரு," என்றாள் விமலா.

திடல் இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்தது. நானும் சேகரும் வேலிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நாலு பெண்கள், தளர்ந்த டி-ஷர்ட்டுகள், நிறைய சிரிப்பு. விமலா துண்டை வேலியில் போட்டுவிட்டுப் போய் நின்றாள். இடப் பக்கம்.

"இன்னைக்கு சைடு மாறி நிக்கறாளோ?" என்றேன்.

சேகர் விழித்தார். "இல்லையே. அவ எப்பவும் லெஃப்ட் தான். வேற சைடுல நின்னு நான் பாத்ததே இல்ல."

இரண்டாவது புள்ளியிலேயே விமலாவின் இடக்கைப் பக்கம் ஒரு சர்வ் அகலமாக வந்தது. பின்கையால் அதைக் களத்துக்குக் குறுக்கே, எதிராளி காலடியில் போய் விழுகிற மாதிரி வெட்டினாள். அலட்சியமாக, இரண்டு விரலால் மாவு வழிப்பது போல. எனக்கு அந்த அடி வராது. என் வாழ்நாளில் வந்ததில்லை. நாலு வருஷம் அவள் பக்கத்தில் நின்றும் அவளிடம் இப்படி ஓர் அடி இருப்பது எனக்குத் தெரியாது. வலப் பக்கத்தில் அதற்கு வேலையே வந்திருக்காது. எனக்கு முகமெல்லாம் சூடேறியது.

ஆட்டம் முடிந்து அவள் வீட்டு அடுக்குமாடியின் கீழே இருந்த கோப்பிக்கடையில் உட்கார்ந்தோம். சேகர் ரொட்டி வாங்கப் போயிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நாலு வருஷம் ஏன்டி சொல்லலை?"

"என்ன சொல்லல?"

"நீ லெஃப்ட்டுன்னு!"

விமலா கோப்பியைக் கலக்கினாள். "நீ கேக்கவே இல்லையே வசு. துண்டு போட்டுட்ட. எனக்கு இருபத்திரண்டு வயசு, நீ பேசற வேகத்துக்கு நான் வாயத் தொறக்கறதுக்குள்ள மேட்ச் ஸ்டார்ட் ஆயிடுச்சு." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "கோலாலம்பூர்லேருந்து திரும்பி வந்தப்புறம் ஆறு மாசம் மட்டையவே தொடல. அப்புறம் இங்க ஒரு மலாய்ப் பொண்ணு ஆடக் கூப்பிட்டா. மொத நாள் அவ கேட்டா, 'நீ எந்தப் பக்கம்?'னு. என்னை யாருமே அப்படிக் கேட்டதில்ல. லெஃப்ட்டுன்னேன். சொல்றப்ப அழுகை வந்துடுச்சு, தெரியுமா?"

மாட்டிக்கொண்டால் நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். என் பக்க நியாயத்தை எடுத்தேன். "அன்னிக்கு நீ லேட்டா வந்ததாலதானே..."

"வசு," என்று நிறுத்தினாள். குரல் உயரவே இல்லை. "ஒரு ஆள் வந்து ரெண்டு பேர் பேரும் எழுதலாம். அதானே ரூல்? நான் எத்தன தடவ உன் பேர எழுதியிருக்கேன், நீ ரூம்ல தூங்கிட்டு இருப்ப."

அதுதான் உண்மை. அவள் நேரத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. பேனா என் கையில் இருந்தது, தாள் முன்னால் இருந்தது, விமலா என்று மூன்று எழுத்து எழுதினால் போதும். இருவரின் தரவரிசையையும் கூட்டித்தான் இடம் தருவார்கள். அவளோடு எழுதினால் இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தைவான் பெண்ணோடு எழுதினால் நிச்சயம். பஸ் நெரிசல் எனக்கு வசதியாக வாய்த்த சாக்கு. இத்தனை வருஷத்தில் நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

"அவ ரேங்க் நல்லா இருந்துச்சு," என்றேன். "அதான். வேற ஒண்ணும் இல்ல. பண்ணது தப்பு விமலா."

"தெரியும் லா," என்றாள். "உன் வாயால கேக்கணும்னு இருந்துச்சு. கோப்பி ஆறுது, குடி."

குடித்தேன். அதற்கு மேல் வெட்கப்பட ஒன்றும் மீதி இல்லை என்பதால் போட்டியைப் பற்றிக் கேட்டும்விட்டேன். சனிக்கிழமை காலை, கடைசி ஆட்டம், முழங்கால், எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

"சாட்டர்டே எனக்கு மார்னிங் ஷிஃப்ட். மாத்தணும். பாக்கறேன் லா," என்றாள். அந்த "பாக்கறேன் லா" சம்மதமா இல்லையா என்று லாட்ஜ் போகும்வரை யோசித்தேன். இந்த ஊரில் அந்த லாவுக்கு எத்தனை அர்த்தம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கிளப்பில் பேர் கொடுக்க வேண்டும். இந்தக் காலத்திலும் தாளும் பேனாவும்தான். கிழவிகளுக்கு இதுதான் வசதி என்று விட்டுவைத்திருப்பார்கள் போல. பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். விமலாவுக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. டியூட்டியில் இருக்கும்போது போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்று சேகர் சொல்லியிருந்தார்.

மேசையில் கண்ணாடி போட்ட ஒரு சீனப் பெண்மணி இருந்தார். ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்கள் ஜோடி வருவது உறுதியா? காலை ஒன்பதுக்கு ஆள் வராவிட்டால் எதிரணி ஜெயித்ததாக எழுதிவிடுவோம். நீங்கள் கோவையிலிருந்து வந்து ஒரு பந்துகூட ஆடாமல் போக நேரும்."

நான் முழித்ததைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "அதோ காபி குடிக்கிறாரே, ஆஸ்திரேலிய அம்மாள். அவருக்கும் ஜோடி இல்லை. போன தடவை இறுதி ஆட்டம் வரை வந்தவர். வலதுகைக்காரர், வலப் பக்கம்தான் ஆடுவார்."

பாருங்கள் கொடுமையை! என் பக்கம் எனக்கே இருக்கும். நடுப்பந்து என்னுடையது. ஜெயிக்கக்கூட ஜெயிக்கலாம். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினார். கையை ஆட்டினால் பதிலுக்கு ஆட்டாமல் எப்படி இருப்பது? நானும் ஆட்டினேன்.

பதினொன்று ஐம்பத்தைந்து. நான்காவது முறையாகப் போன் அடித்து ஓய்ந்தது.

பேனாவை எடுத்தேன். முதல் வரியில் விமலா பேரை எழுதினேன், அதன் கீழே என் பேரை. ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்டதாக நினைக்காதீர்கள். எழுதிய மறு நொடியே அழித்துவிடலாமா என்று கை துடித்தது. சீனப் பெண்மணி தாளை இழுத்துக்கொண்டுவிட்டார், அதனால் பிழைத்தேன்.

"பேர் எழுதிட்டேன். உன் பேர்தான் மொதல்ல," என்று செய்தி அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது: "நாளைக்குக் காலைல மழைன்னு சொல்றாங்க."

வருகிறேன் என்கிறாளா, வரவில்லை என்கிறாளா? எனக்கு வந்த கோபத்தில் தேக்காவில் ஒரு தட்டு மீ கோரிங் நூடுல்ஸை உறைப்புக் கூட்டிப் போடச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரத் தின்றேன்.

சனிக்கிழமை நிஜமாகவே மழை. எட்டரைக்குக் களமெல்லாம் தண்ணீர், இரண்டு பேர் பெரிய ரப்பர் தகட்டால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எதிரணி இரண்டு மலேசியாக்காரர்கள், எனக்கும் சேர்த்து வாழைப்பழம் கொடுத்தார்கள். எட்டு ஐம்பது. வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவள் ஓடி வந்து தாளைப் பார்த்து நின்ற அந்த முகம் ஞாபகம் வந்தது. அவள் வராவிட்டால் அதுவும் நியாயம்தான் என்று தோன்றியது. நியாயமாக இருந்தாலும் அழுதிருப்பேன்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குடையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுமாக விமலா உள்ளே வந்தாள்.

"ஷிஃப்ட் மாத்தறதுக்குள்ள உயிர் போச்சு. பஸ் வேற லேட்டு. இந்தா, சாப்பாடு, மேட்ச் முடிஞ்சு," என்று டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

களத்துக்குள் போனோம். நான் என் துண்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். கால் தானாக இடப் பக்கம் போயிற்று. அதை இழுத்துக்கொண்டு வந்து, வலப் பக்க வேலியில் துண்டைப் போட்டேன். விமலா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

அவள் மட்டைப் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"லெஃப்ட் லா," என்றாள்.

என் வலப்பக்க ஆட்டத்தை வர்ணித்து உங்களைச் சோதிக்கப் போவதில்லை. வீட்டில் அடுப்பை இடம் மாற்றி வைத்தால் எப்படித் தடுமாறுவோமோ அப்படித் தடுமாறினேன். மூன்றாவது புள்ளியில் நடுவில் ஒரு பந்து வந்தது. "என்னுது!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். அவளும் மட்டையை வீசியிருந்தாள். இரண்டு மட்டையும் மோதிய சத்தத்தில் பக்கத்துக் களத்தில் ஆட்டம் நின்றது. என் மட்டை அவள் விரலில் பட்டுவிட்டது.

"வலிக்குதா?"

"பழகிடுச்சு," என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், அப்புறம் நானும். மலேசியாக்காரர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் செட் போயிற்று. இரண்டாவதை விமலாவின் அந்த வெட்டு அடி வாங்கிக் கொடுத்தது. என் பங்கு, நடுவில் பந்து வரும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு விலகியது. கேட்க எளிது, செய்து பார்த்தால் தெரியும். நான் விலகினாலும் அவள் பழைய பழக்கத்தில் ஒரு கணம் என் குரலுக்குக் காத்திருந்தாள். அந்த ஒரு கணத்தால் நாலைந்து பந்துகள் எங்கள் இருவருக்கும் நடுவே மரியாதையாகப் போய்விட்டன.

ஆளுக்கொரு செட் என்பதால், வெற்றியை முடிவு செய்ய டைபிரேக். எதிரணிக்கு இன்னும் ஒரே புள்ளி போதும் என்ற நிலை. விமலா சர்வ் வாங்கினாள், பந்து நாலைந்து முறை போய் வந்தது, பிறகு எதிரணியில் உயரமானவர் ஓங்கி அடித்தார். பந்து நேராக நடுவில் வந்தது. எனக்கு வாய் திறந்துவிட்டது. பல்லைக் கடித்து மூடினேன்.

"என்னுது!" என்று ஒரு குரல் கேட்டது.

விமலாவின் குரல். நாலு வருஷம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன், அவள் சிரித்து, அழுது, தூக்கத்தில் உளறி எல்லாம் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. மழை ஈரத்தில் அந்தக் களம் முழுக்க அது கேட்டது. முழுக் கையையும் வீசி அடித்தாள். பந்து வலையின் மேல் பட்டையில் பட்டு, ஒரு முறை எழும்பி, எங்கள் பக்கமே விழுந்தது.

தோற்றுவிட்டோம்.

"சாரி வசு," என்றாள். "உன் லாஸ்ட் மேட்ச்."

"எதுக்குடி சாரி? உன் பந்து, நீ எடுத்த," என்றேன். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. அவள் தன் துண்டாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

டப்பாவில் மீன் சம்பாலும் சோறும் இருந்தன. வேலியோரம் உட்கார்ந்து இருவரும் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டோம். மழை விட்டிருந்தது. பிறகு பைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். விமலா எனக்கு இடப் பக்கம் நடந்தாள். அந்தப் பக்கம் ஆள் இருந்து எனக்குப் பழக்கமில்லை. நிறுத்தம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை இடித்துக்கொண்டோம்.